தட்டுக்கு எதிரே உட்காரும் சிஸ்டர்

"ஏனுங்க சிஸ்டர், ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவுட்டீங்கன்னா புள்ள தெம்பாயிருவா. நாளைக்கே கூட்டிட்டுப் போயிக்கறேனுங்க."

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கோயம்புத்தூருக்கு வரும் தாய்மார்கள் எத்தனையோ பேர் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாலக்காட்டு வார்டில் வேலை பார்த்தபோதும் இதே கேள்விதான், மலையாளத்தில். பிள்ளை மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கை நீலம் பாய்ந்து சில்லென்று இருக்கிறது. தீட்டு நின்று நாலு மாதமாகிவிட்டது. நாடி நிமிடத்துக்கு நாற்பத்து இரண்டு. பெற்ற வயிறு துடிக்கிறது. உடனே எதையாவது உள்ளே ஏற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறது. அந்த நேரத்தில் டிரிப்ஸ் ஸ்டாண்டை அவசரமாக உருட்டிக்கொண்டு வராமல் இருப்பதுதான் பொறுப்பு சிஸ்டர் முதலில் செய்யவேண்டிய வேலை.

சாப்பாட்டை விலக்கிப் பட்டினி கிடந்து மெலிந்துபோகும் மனநோயை அனோரெக்சியா என்பார்கள். அந்த நோயில் விழுந்த பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வரும் பிள்ளை ஒருத்தி இல்லை. நான் வார்டில் பார்த்த பல பிள்ளைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்துச் சொல்கிறேன். ஊர்களும் அப்படித்தான். எடை எவ்வளவு, என்னென்ன தந்திரம் செய்தார்கள் என்பதையெல்லாம் எழுத மாட்டேன். இதே நோயில் இருக்கும் பிள்ளை யாராவது படித்தால் அந்த எண் அவளுக்குப் போட்டியாகிவிடும், தந்திரம் பாடமாகிவிடும்.

ஏன் அவசரப்படக்கூடாது? பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பையும் தசையையும் எரித்துக் காலம் தள்ளுகிறது. இன்சுலின் அடங்கிக் கிடக்கும். செல்களுக்குள் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் வாரக்கணக்கில் கரைந்து போயிருக்கும். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் பல சமயம் எல்லாம் சரியாகவே தெரியும். உள்ளறை காலியாகி வாசலில் மட்டும் நாலு மூட்டை அடுக்கியிருக்கும் கடை மாதிரி. இந்த நிலையில் சர்க்கரைச் சத்து திடீரென்று நிறையப் போனால் இன்சுலின் எழும்பி, ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தையும் செல்லுக்குள் இழுத்துவிடும். பாஸ்பேட் சரிந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு விடும் தசைகள் சோர்ந்துபோகும், கால் வீங்கும், பிள்ளை பிதற்றத் தொடங்குவாள். சர்க்கரையை எரிக்கத் தயமின் என்ற வைட்டமின் பி1 வேண்டும். அதன் இருப்பும் தீர்ந்திருக்கும் என்பதால் அதை முதலில் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம்.

டாக்டர்கள் இதை ரீஃபீடிங் சின்ட்ரோம் என்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர், பட்டினியைத் தாண்டி வந்துவிட்டு, சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனார்கள். அந்தச் சாவுகளிலிருந்து மருத்துவம் கற்றுக்கொண்ட பாடம் இது. "வயித்துக்குப் போட்டா சரியாயிரும்" என்பது மற்ற நோய்க்குப் பொருந்தலாம். இங்கே என்ன போடுகிறோம், எவ்வளவு, எந்த வேகத்தில் என்பது உயிர்க் கணக்கு.

ஆகவே முதல் பத்து நாளும் நர்ஸின் சார்ட்தான் அந்தப் பிள்ளைக்குக் காவல். முதல் சில நாட்களுக்குத் தினமும் ரத்தம் எடுக்கவேண்டும். ஈசிஜி எடுக்கவேண்டும். பிபியைப் படுத்த நிலையில் ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பார்க்கவேண்டும்; இரண்டுக்கும் நடுவே பெரிய சரிவு இருந்தால் டாக்டரை எழுப்பவேண்டும். கையை ஊன்றாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழச் சொல்வோம். எழ முடியாவிட்டால் தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். கருவி வேண்டாம், காசு வேண்டாம். சித்தூர் தாலுக்கா ஆஸ்பத்திரி ஓபியிலும் இதைச் செய்யலாம். நள்ளிரவு தாண்டிச் சர்க்கரை பார்க்கவேண்டும், ஏனென்றால் சேமிப்பில்லாத ஈரலால் விடியும்வரை தாக்குப்பிடிக்க முடியாது. தூங்கும்போது நாடி நாற்பதுக்குக் கீழே போவதை முதலில் பார்ப்பது நைட் டியூட்டி ஸ்டாஃப்தான். "ஸ்போர்ட்ஸ்ல இருக்கற புள்ள, பல்ஸ் கம்மியாத்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடக்கூடாது என்று புது ஸ்டாஃபுக்கு நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். பட்டினி கிடக்கும் இதயமும் மெதுவாகத்தான் அடிக்கும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ரீஃபீடிங்குக்குப் பயந்து நாளுக்கு ரெண்டு டம்ளர் கஞ்சித் தண்ணியிலேயே நிறுத்திவைத்து, வார்டிலேயே பிள்ளையை இன்னும் இளைக்கவிட்ட கதைகளும் உலகம் முழுக்க உண்டு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் 2010இல் ஒரு வழிகாட்டியும் 2022இல் அதைத் திருத்தி இன்னொன்றும் வெளியிட்டது. வேகமாக ஊட்டுவதும் ஆபத்து, பயந்து குறைவாக ஊட்டுவதும் ஆபத்து என்பதை அது அழுத்திச் சொல்கிறது. அளவை டாக்டரும் டயட்டீஷியனும் முடிவு செய்வார்கள். அந்த அளவு உண்மையிலேயே வாய்க்குள் போனதா என்பதற்குப் பொறுப்பு நர்ஸ். பாலில் பாஸ்பேட் நிறைய இருப்பதால் எங்கள் வார்டில் முதல் நாளிலிருந்தே பால் உண்டு. வெறும் கஞ்சித் தண்ணியும் இளநீரும் போதும் என்று வருபவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கவே ஒரு மாலைப்பொழுது ஆகும்.

இது எவ்வளவு கொடிய நோய் என்பது நம் ஊரில் இன்னும் பலருக்குத் தெரியாது. 36 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியான ஒரு கணக்கின்படி, அனோரெக்சியா உள்ளவர்கள் இறப்பது அதே வயதுள்ள மற்றவர்கள் இறப்பதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அந்தச் சாவுகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை. கேரளத்தில் 2025இல் ஓர் இளம்பெண் இப்படி இறந்த செய்தி வந்தபோது, "சோறு திங்காமக்கூட யாராவது சாவாங்களா" என்று டீக்கடையில் கேட்டவர்களை நானே பார்த்தேன். சாவார்கள். பணமும் வீட்டில் அரிசியும் இருந்தும் சாவார்கள்.

எங்கள் எல்லைப் பக்கத்தில் இந்தப் பிள்ளைகள் நேராக மனநல வார்டுக்கு வருவதில்லை. "குண்டாயிருவேன்னு பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் சிலர்தான். பெரும்பாலும் "நெஞ்சுல நிக்குது", "வயிறு பொருமுது", "தின்னா குமட்டுது" என்றுதான் வருவார்கள். வயிற்று டாக்டர், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று ஒரு சுற்று முடியும். இடையே அமுச்சி (அம்மாவின் அம்மா) பேச்சைக் கேட்டு, உள்ளே சிக்கிக்கொண்டதாகச் சொல்லும் உணவை எடுக்கும் தொக்கம் எடுக்கத் தமிழ்நாட்டுப் பக்கம் போவார்கள். கேரளப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கைவிஷம், அதாவது யாரோ சாப்பாட்டில் வசிய மருந்து வைத்துவிட்டார்கள், என்பார்கள். பாலில் பச்சிலைச் சாறு கலந்து கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். நம்பிக்கையைப் பழிக்க எனக்கு மனம் வராது. அந்தத் தாய் எத்தனை வாசல் ஏறியிருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தெரிகிறது. ஆனால் ஏற்கெனவே பொட்டாசியம் குறைந்திருக்கும் உடம்பை மேலும் வாந்தியெடுக்க வைப்பது இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்பதைச் சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியாது. அட்மிஷன் கேள்விகளில் "வேற எங்கெல்லாம் காட்டுனீங்க?" என்பதைக் கோபமில்லாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

நம்மிடத்தில் இந்த நோய்க்கு வேறு முகம் உண்டு என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. வேலூரிலிருந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளிடையே மனக் காரண வாந்திதான் மிகுதியாக இருந்தது. அனோரெக்சியா அதைவிடக் குறைவு. ஹாங்காங்கில் 1990களில் மனநல மருத்துவர் சிங் லீ, குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லாமல் மெலிந்துபோகும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். மேலைநாட்டுக் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு "உனக்கு உன் உடம்பு பிடிக்கலையா?" என்று மட்டும் கேட்டால் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வலையில் விழாமல் நழுவிவிடுவார்கள்.

விரதம் இன்னொரு மறைவிடம். ஏகாதசி, சஷ்டி, திங்கட்கிழமை, மார்கழித் திருவாதிரை, மண்டலக் காலம், ராவுத்தர் வீடுகளில் நோன்பு, கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம் என்று சாப்பிடாமலிருக்க எல்லைப் பக்கத்தில் காரணம் கிடைக்காத மாதமே இல்லை. வட இந்தியாவில் பள்ளி மாணவிகளிடம் மேலைநாட்டுக் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்த கிங், புக்ரா இருவரும், விரதம் இருக்கும் பிள்ளைகளும் அதில் நோயாளிகளாகக் கணக்காகிவிடுவதை 1989லேயே எழுதினார்கள். அப்படியானால் பக்தியையும் நோயையும் எப்படிப் பிரித்தறிவது? நான் விரதத்தைப் பற்றிக் கேட்பதில்லை, விரதம் முடிவதைப் பற்றிக் கேட்பேன். மற்ற பிள்ளைகளுக்கு, விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணை நேரம் திருவிழா. இட்லி எப்போது வேகும் என்று அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நோயுள்ள பிள்ளைக்கு விரத நாள்தான் நிம்மதி. அது முடியும் நேரம் நெருங்க நெருங்க அவளுக்கு முகம் வெளிறும். "அன்னைக்கு மட்டும் யாரும் என்னைத் திட்ட மாட்டாங்க சிஸ்டர்" என்று ஒரு பிள்ளை சொன்னது எனக்கு மறக்கவில்லை.

இனித் தட்டுக்கு வருகிறேன். என் கணக்கில் இந்த நோயின் நர்சிங் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944-45இல் ஒரு சோதனை நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், தாங்களாக முன்வந்தவர்கள், ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். அவர்களுக்கு முன்பு எந்த மனநோயும் கிடையாது. இருந்தும் மாதங்கள் போகப் போக நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள். சமையல் புத்தகம் சேர்த்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து தின்றார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள். எங்கள் வார்டுக்கு வரும் பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் கேக் செய்து கொடுத்துவிட்டுத் தான் தொடாமல் இருந்தாள் என்று அம்மா அழுவதைக் கேட்கும்போது எனக்கு அந்த 36 பேர் நினைவுக்கு வருவார்கள். நாம் நோயின் குணம், பிள்ளையின் பிடிவாதம் என்று நினைப்பதில் பெரும்பகுதி பட்டினியின் குணம். வயிறு காய்ந்த மூளையிடம் அறிவுரை ஏறாது. அதனால்தான் கவுன்சலிங்குக்கு முன்னால் சாப்பாடு.

ஆனால் அந்தச் சாப்பாட்டை யார், எப்படி உள்ளே போக வைப்பது? மாத்திரை என்றால் கையில் கொடுத்து விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடலாம். இங்கே மருந்து என்பது நாளுக்கு மூன்று வேளை சாப்பாடு, மூன்று வேளை சிற்றுண்டி. ஒவ்வொரு வேளையும் அவளுக்குப் பாம்புப் புற்றுக்குள் கைவிடுவது மாதிரி. எதிரே ஒருவர் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

நாங்கள் செய்வது இதுதான். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம், சிற்றுண்டிக்குக் கால்மணி. ஸ்டாஃப் எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிடுவார். நின்றுகொண்டு பார்ப்பது போலீஸ் வேலை, அது கூடாது. சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பூனை, பஸ், முதலமடை மாங்காய் சீசன், பக்கத்துத் தோட்டத்தில் மயில் வந்தது, எதையாவது பேசலாம். கை நின்றுவிட்டால் மட்டும் மெல்ல ஒரு வார்த்தை: "கஷ்டமாத்தான் இருக்குது கண்ணு. அடுத்த வாய் எடு. நான் இங்கதான் இருக்கறேன்." கெஞ்சல் இல்லை, பேரம் இல்லை. "ரெண்டு இட்லி வேண்டாம், ஒண்ணரை போதும்" என்று ஒருமுறை விட்டுக்கொடுத்தால் நோய்க்கு ஒரு கதவு திறந்துவிடும். அரை இட்லிக்காக இவ்வளவு வீம்பா என்று புது ஸ்டாஃப் நினைப்பது எனக்குத் தெரியும். நானும் அப்படி நினைத்தவள்தான். அந்த அரை இட்லியை விட்டதும் முகத்தில் வரும் நிம்மதி அவளுடையது இல்லை, நோயினுடையது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

சாப்பிட்டு முடிந்த பிறகு வரும் ஒரு மணி நேரம்தான் இன்னும் கடினம். குற்றவுணர்ச்சி வயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏறும் நேரம் அது. வாந்தியெடுக்கவோ, நடந்து நடந்து தீர்க்கவோ உடம்பு பரபரக்கும். அந்த ஒரு மணி நேரமும் பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். தாயம், பல்லாங்குழி, குரோஷா ஊசி, எதுவும் உதவும். பாத்ரூம் போகவேண்டும் என்றால் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்போம். அவமானமாக இருக்கும் என்பது தெரியும். அதனால் முதல் நாளே ஏன் அப்படிச் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுவோம். சொல்லாமல் காவல் வைத்தால் சிறை, சொல்லிவிட்டு வைத்தால் துணை என்று பிள்ளைகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் துணை. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நர்ஸ் அவளோடு கட்டுண்டு இருக்கவேண்டும். பொது வார்டில் ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு ஸ்டாஃப், கட்டில் முப்பது. யாரை விட்டு யாரைப் பார்ப்பது? பொறுப்பு சிஸ்டரின் தலைவலி இங்கேதான். டியூட்டி போடும்போது உணவு வேளைக்கு ஓர் ஆளைத் தனியாக ஒதுக்கவேண்டும் என்று மேலிடத்தில் கேட்டால், "சும்மா உட்கார்ந்து பேசறதுக்கு ஒரு ஸ்டாஃபா?" என்று திருப்பிக் கேட்டவர்கள் உண்டு. ஐசியுவில் வென்டிலேட்டர் பக்கத்தில் நிற்கும் நர்ஸை யாரும் சும்மா நிற்கிறாள் என்பதில்லை. எனக்கு இதில் இன்றுவரை ஆறாத வருத்தம்.

பிரிட்டனில் இந்த நோய்க்கென்றே தனி யூனிட்டுகள் உண்டு. அங்கே லீட் நர்ஸ் என்பது ஒரு பதவி. ஆளெடுக்கும் விளம்பரத்தில் வரும், சம்பளப் படிநிலை உண்டு. கேரளத்திலிருந்து போன நர்ஸ்கள் பலர் அங்கே மனநலப் பிரிவுகளில் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு பதவி இல்லை. மனநல வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர், குழந்தைகள் வார்டின் ஹெட் நர்ஸ், சில சமயம் மெடிசின் வார்டில் மூத்த ஸ்டாஃப் ஒருவர் என்று யார் தலையில் விழுகிறதோ அவர்தான் லீட் நர்ஸ். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பொது நர்சிங் படித்துப் பதிவு செய்தவரையும் மனநல நர்ஸ் என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது, பயிற்சிதான் வரவில்லை. டிகிரி படிக்கும்போது சைக்கியாட்ரி போஸ்டிங்கில் இந்த நோய்க்கு ஒரு வகுப்பு கிடைத்தால் பெரிது.

அந்த மூத்த ஸ்டாஃபின் வேலையில் முக்கியமானது, எல்லா ஷிஃப்டும் ஒரே வாயாகப் பேசுவது. காலை சிஸ்டர் கண்டிப்பு, மதியம் சிஸ்டர் பாவம் பார்ப்பவர், நைட் சிஸ்டர் களைப்பில் விட்டுவிடுபவர் என்று இருந்தால் நோய் அந்த மூன்று சந்துகளையும் கண்டுபிடித்துவிடும். "அந்த சிஸ்டர் வுட்டாங்களே" என்று பிள்ளை சொல்லும்போது அவள் பொய் சொல்வதில்லை. அதனால் ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில் "சாப்பிட்டாள்" என்ற ஒற்றைச் சொல்லை நான் ஏற்பதில்லை. என்ன வைத்தோம், எவ்வளவு போனது, எத்தனை நிமிடம், எந்த வார்த்தைக்குக் கை நகர்ந்தது என்று எழுதவேண்டும்.

ஸ்டாஃபின் மனதையும் பார்க்கவேண்டும். இந்த நோயாளிகள்மீது நர்ஸ்களுக்குக் கோபம் வரும். வரிசையில் மூச்சுக்குத் திணறும் கிழவர் இருக்கும்போது, சாப்பிடக் கூடியவள் சாப்பிட மாட்டேன் என்கிறாளே என்று தோன்றும். ஏமாற்றப்பட்டால் அடிபட்ட மாதிரி இருக்கும். இதைப் பேசித் தீர்க்க வாரத்தில் ஒரு நாள் அரைமணியாவது டீயோடு உட்காராவிட்டால் அந்தக் கோபம் தட்டை வைக்கும் சத்தத்தில் வந்துவிடும். இன்னொன்று, நர்சிங் ஸ்டேஷனில் நடக்கும் டயட் பேச்சு. "நான் ராத்திரிச் சோத்தை நிறுத்திட்டேன் சேச்சி, மூணு கிலோ கொறஞ்சுது" என்று ஒருவர் சொல்வது பத்தடி தள்ளி இருக்கும் கட்டிலுக்குக் கேட்கும். எங்கள் வார்டில் அந்தப் பேச்சுக்குத் தடை.

மொழியும் இங்கே வழுக்கும். மலையாளத்தில் ஒருவரைப் பார்த்ததும் "க்ஷீணிச்சு போயல்லோ" என்பது அன்பு. தமிழில் "எளைச்சுப் போயிட்டியே". இந்த நோய் இருக்கும் பிள்ளைக்கு அது பரிசு மாதிரி. இன்னும் இளைக்கலாம் என்று உள்ளே ஒரு குரல் கைதட்டும். கொஞ்சம் தேறி வரும்போது "மூஞ்சி தெளிஞ்சிருக்கு", "தடி வெச்சு" என்பார்கள். அதுவும் அன்புதான். அவள் காதில் "குண்டாகிவிட்டாய்" என்று விழுந்து அன்று மதியத் தட்டு அப்படியே திரும்பும். பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுவேன்: உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். நாளுக்குப் பத்துப் பேர் "சாப்ட்டாச்சா?" என்று கேட்கும் ஊரில் அவள் பத்து முறை பொய் சொல்லவேண்டியிருக்கிறது, அந்தக் கேள்வியையும் கொஞ்ச நாளைக்கு ஒத்திவையுங்கள்.

நம்மிடம் தனி யூனிட் இல்லை. ஆனால் மேலைநாட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது. கேரள ஆஸ்பத்திரிகளில் பைஸ்டாண்டர் என்று சொல்வோம், நோயாளியோடு கூடவே தங்கும் வீட்டு ஆள். வேலூர் சிஎம்சி 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது குடும்பத்தைக் கூடத் தங்க வைத்தே சிகிச்சை செய்யும் முறையை வளர்த்தது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையிலிருந்து 1987இல் ஜெரால்டு ரஸ்ஸலும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, நோய் தொடங்கி நாளாகாத இளம்பிள்ளைகளுக்குக் குடும்பத்தோடு சேர்த்துச் செய்யும் சிகிச்சை நல்ல பலன் தருவதைக் காட்டியது. இன்று சிறுவயதினருக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது அந்த வழிதான்: முதலில் பெற்றோர் உணவுப் பொறுப்பை முழுதாகக் கையில் எடுக்கிறார்கள், பிறகு மெல்லப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். அதாவது பைஸ்டாண்டர் அம்மாதான் நாளைய நர்ஸ். வார்டில் இருக்கும் மூன்று வாரத்தில் அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுப்பதுதான் பொறுப்பு சிஸ்டரின் நீண்டகால வேலை.

எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம்? முதல் சில நாள் அவர் தள்ளி உட்கார்ந்து பார்ப்பார். பிறகு ஸ்டாஃபோடு சேர்ந்து உட்காருவார். கடைசி வாரம் அவர் எதிரே உட்காருவார், ஸ்டாஃப் தள்ளி உட்காருவார். டயட் ஷீட்டில் கிராம் கணக்கை எழுதிக் கொடுத்தால் வீட்டில் பயன்படாது. அவர்கள் வீட்டுக் கரண்டி, அவர்கள் வீட்டு டம்ளர் கணக்கில் எழுதவேண்டும். சாதத்தில் நெய்யை மறைத்து ஊற்றும் அம்மாக்கள் நிறையப் பேர். வேண்டாம் அக்கா என்பேன். அவள் கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஊற்றுவதானால் பார்க்க ஊற்றுங்கள். அப்பாக்களுக்குச் சொல்லவேண்டியது வேறு. அடித்தால் சாப்பிடுவாள் என்று நினைப்பவர்களும், அழுதுவிட்டு வெளியே போய்விடுபவர்களும் உண்டு. நோய் வேறு, பிள்ளை வேறு. உங்கள் கோபத்தை நோய்மீது வையுங்கள் என்று சொன்னால் சிலருக்கு அந்தக் கணத்தில் முகம் மாறும்.

ரைல்ஸ் ட்யூப் பற்றியும் சொல்லவேண்டும். வாய்வழி எதுவுமே போகாமல் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் மூக்குவழிக் குழாய். தண்டனையாக அதைக் காட்டி மிரட்டுவது எங்கும் நடக்கக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் சட்டப்படி வீட்டு ஆள் கூடவே இருக்கவேண்டும், பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக்கூடாது. கைகாலைப் பிடித்துக் கட்டுப்படுத்துவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும். அப்படி ஒரு நிலை வந்தால் யார் பிடிப்பது, யார் பேசுவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது பொறுப்பு சிஸ்டர். பேசுபவர் ஒருவர்தான் இருக்கவேண்டும், அதுவும் அவளுக்குப் பிடித்த சிஸ்டராக. முடிந்த பிறகு அன்றைக்கே அவர் திரும்பிப் போய்ப் பக்கத்தில் உட்காரவேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகுதான் எல்லை உறுத்தும். டிஸ்சார்ஜ் சம்மரி இங்கிலீஷில், வீட்டில் தமிழ், பக்கத்து ஆரோக்கிய கேந்திரத்தில் மலையாளம். கோயம்புத்தூரில் சொன்ன மருந்து சித்தூரில் வேறு பெயரில். மாநிலம் மாறினால் கார்டு, திட்டம், பரிந்துரைச் சீட்டு எல்லாம் மாறும். அதனால் நான் ஒரு பக்கத்துக்குத் தமிழில் தனியாக எழுதிக் கொடுப்பேன்: எடை பார்க்கவேண்டிய கிழமை, அதே மெஷின், அதே நேரம், எந்த அறிகுறி வந்தால் நேராகக் கேஷுவாலிட்டி. மயங்கி விழுந்தால், கால் திடீரென்று வீங்கினால், நெஞ்சு படபடத்தால், பேச்சு குழறினால், சாகவேண்டும் என்று சொன்னால் காத்திருக்கக்கூடாது. பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள், மலையாளத்திலும் பேசுவார்கள். அதே தாளின் ஒரு பிரதியை அவர்கள் ஊர் ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸிடம் கொடுக்கச் சொல்வேன்.

முதல் மாதம் வியாழன்தோறும் நான் போன் செய்வேன். "என்ன சாப்பிட்டா?" என்று கேட்பதில்லை. "நேத்து ராத்திரி அவளுக்கு எதிரே யார் உட்கார்ந்தாங்க?" என்று கேட்பேன். "அவங்கப்பாதானுங்க சிஸ்டர்" என்று பதில் வந்த வியாழக்கிழமைகளில் போனை வைத்துவிட்டு அந்தத் தாளின் மூலையில் ஒரு டிக் போடுவேன்.